கார்ட் சந்தைக்கு வந்த கூட்டம்

யாரும் வரமாட்டார்களோ என்ற பயம்தான் எனக்கு முதலில் இருந்தது. பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் நடத்திய முதல் கார்ட் சந்தையில் அந்தப் பயம் அப்படியே பலித்தது.

நாங்கள் என்றால் நானும் என் கொழுந்தனும். எனக்குப் பண்டமாரானில் வீடு, துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்கு அனுப்பும் கம்பெனியில் வேலை. நோய்த்தொற்றுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு இருந்த காலத்தில் எல்லாரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது, கொழுந்தன் ஆன்லைனில் கால்பந்து கார்டுகள் வாங்க ஆரம்பித்தான். ஆட்டக்காரரின் படம் போட்ட, உள்ளங்கை அளவு அட்டைகள். பாக்கெட்டைப் பிரிக்கும்வரை உள்ளே யார் இருக்கிறார் என்று தெரியாது. ஒருநாள் "நீங்க பிரிங்க அண்ணி, உங்க கை ராசியான்னு பார்ப்போம்" என்று ஒரு பாக்கெட்டை நீட்டினான். அதோடு எனக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது. அவனுக்குக் கால்பந்து, எனக்குப் பூப்பந்து. கட்டுப்பாடு நீங்கிய பிறகு, எங்களைப் போலச் சேர்ப்பவர்களை ஒரே இடத்தில் கூட்டி, வாங்கவும் விற்கவும் மாற்றிக்கொள்ளவும் ஒரு சந்தை போடலாம் என்று இறங்கினோம்.

பிரிக்பீல்ட்ஸ் ஹால் நன்றாகத்தான் இருந்தது. குளிர்சாதனம், வெள்ளைத் துணி விரித்த மேசைகள், எல்லாம் சரி. கார் நிறுத்த இடம்தான் இல்லை. வந்தவர்கள் தெருவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிப் போனார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் திறக்காத லிப்ட் கதவு மட்டுமே. விற்க வந்தவர்கள் கார்டுகளை அடுக்கி வைத்துக்கொண்டு கைபேசியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். நான் அவர்கள் முகத்தைப் பார்க்கப் பயந்து வாசலிலேயே நின்றேன். ஒருமுறை லிப்ட் திறந்தது. ஒரு அங்கிள் தலையை நீட்டி, "ரத்த தானம் இங்கதானே மா?" என்று கேட்டார்.

அதனால் இரண்டாவது சந்தைக்கு இடம் தேடும்போது எங்கள் கவனமெல்லாம் கூட்டம் சேர்ப்பதில்தான் இருந்தது. பேரங்காடிகளில் எங்களைப் போன்றவர்களுக்கு இடம் தருவதில்லை. பொது மண்டபங்களில் ஞாயிற்றுக்கிழமை என்றால் கல்யாணம். பந்திங்கில் ஒரு நல்ல மண்டபம் கிடைத்தது. அவ்வளவு தூரம் யார் வருவார்கள் என்று விட்டுவிட்டோம். கடைசியில் கிள்ளானில், லிட்டில் இந்தியாவுக்கு நடந்து போகும் தூரத்தில், ஒரு மளிகைக் கடைக்கு மேலே மாடி ஹால் அமைந்தது. வாரநாளில் அங்கே டியூஷன் நடக்கும். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் ஜனநடமாட்டத்துக்குக் குறைவே இல்லை.

முன்படி குறுகலாக இருந்தது. எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்கவேண்டும். நான் கட்டடத் தவுக்கேயிடம், அதாவது முதலாளியிடம், பின்வழி உண்டா என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே மலாயில், "அடா, அடா", உண்டு உண்டு என்று பின்கதவைத் திறந்து காட்டினார். நானே அந்த இரும்புப் படியில் இறங்கிப் பின்சந்துவரை போய் வந்தேன். அதற்குப் பிறகுதான் சரி என்றேன்.

கூட்டத்தை இழுக்கக் கொழுந்தன் ஒரு வழி பிடித்தான். ஒரு காலத்தில் மாநில அணிக்கு ஆடிய ஒருவர் பந்திங் பக்கம் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். எல்லாரும் அவரைக் கோச் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் வந்து கார்டுகளில் கையெழுத்துப் போட ஒப்புக்கொண்டார். முட்டி போன மனிதர், ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடப்பார். ஆனால் கொழுந்தன் எடுத்த வீடியோவில் பந்தை முழங்காலில் தட்டிக் காட்டினார். அந்த வீடியோ எங்கெங்கோ போனது.

"அண்ணி, எத்தனை பேர் ஷேர் பண்ணியிருக்காங்க பாருங்க லா!"

நான் பார்த்தேன். சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் எனக்குப் பயம்தான் வந்தது. பிரிக்பீல்ட்ஸ் நினைப்புதான் இன்னும் போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று காலையிலேயே கூட்டம் வந்துவிட்டது. கம்போங் மேடானிலிருந்து ஒரு குழு மோட்டார் சைக்கிள்களில் வந்திருந்தது. குடும்பம் குடும்பமாக வந்தார்கள். மேசைகளுக்கு நடுவே நடக்க இடமில்லை. கோச் ஹாலின் மறுகோடியில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். கொழுந்தன் முகம் பளபளத்தது. நான் முன்படி உச்சியில் நின்று, "கொஞ்சம் இருங்க, இறங்குறவங்களுக்கு வழி விடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்பேச்சைக் கேட்டார்கள்.

மத்தியானம் மழை பிடித்தது. கிள்ளானில் பெய்யும் மழை தெரியுமல்லவா, எதிர்க்கடை கண்ணுக்குத் தெரியாத மழை. தெருவில் நின்றவர்கள் எல்லாம் படிக்குள் ஏறினார்கள். ஏற்கெனவே ஏறிக்கொண்டிருந்தவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். அந்த நேரம் பார்த்து யாரோ கீழே, "கோச் கிளம்பப் போறாராம்!" என்று கத்தினார்கள். அது உண்மையில்லை. அவர் தேநீர் குடிக்க எழுந்திருந்தார், அவ்வளவுதான்.

படி முழுவதும் ஒரே உடலைப் போல ஒருதரம் மேல்நோக்கி அசைந்தது. எனக்கு முன்னால் இருந்தவர்களின் முகங்கள் மாறின. கோபமோ அவசரமோ அந்த முகங்களில் இல்லை. வாயைத் திறந்து காற்றைத் தேடினார்கள். இறங்கப் போனவர்கள் திரும்ப முடியாமல் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். "தள்ளாதீங்க! தள்ளாதீங்க!" என்று மேலே நின்றவர்கள் கத்தினார்கள். கீழே மழைச் சத்தத்தில் நின்றவர்களுக்கு அது கேட்கவில்லை.

அப்போது படியின் நடுவிலிருந்து ஒரு கைக்குழந்தை தலைகளுக்கு மேல் எழும்பி வந்தது. ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறி மாறி என்னிடம் வந்தது.

"புடிங்க கா! புள்ளையப் புடிங்க!"

அந்தக் குரலுக்குரிய முகம் எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. குழந்தையை வாங்கிக்கொண்டேன். அது அழவில்லை, கண்ணை அகல விரித்து என்னையே பார்த்தது. அது அழாததுதான் என்னைப் பயமுறுத்தியது. இதன் தாய் அங்கே மூச்சு முட்டிச் செத்துப்போனால் இந்தக் குழந்தையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன் என்று ஒரு நினைப்பு வந்தது.

அந்த நினைப்புதான் என்னை நகர்த்தியது. பின்கதவுக்கு ஓடினேன். கதவு திறந்தது. ஆனால் இரும்புப் படியின் அடியில், கீழ்க்கடைக்காரர்கள் மழைக்குப் பயந்து அட்டைப்பெட்டிகளையும் பானப் புட்டிப் பெட்டிகளையும் உள்ளே இழுத்து மார்பளவுக்கு அடுக்கியிருந்தார்கள். நான் என் கையிலிருந்த குழந்தையையும் அந்தப் பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"தம்பி!" என்று கத்தினேன்.

கொழுந்தன் ஓடி வந்தான். கூடவே கம்போங் மேடான் ஆட்கள் சிலர் வந்தார்கள். பெட்டிகளைத் தூக்கிச் சந்தில் எறிந்தார்கள். பாட்டில்கள் உடைந்தன. "வழி ஆச்சு அண்ணி, ஆளுங்கள இறக்கலாம்" என்றான். ஹாலில் இருப்பவர்களை இறக்கினாலும் முன்படி தளராது, அது கீழிருந்துதான் தளரவேண்டும் என்று எனக்குப் பட்டது. கீழே நிற்பவர்கள் யாருக்காகத் தள்ளுகிறார்கள்? நான் கோச்சிடம் போனேன்.

"கோச், நீங்க கீழ போகணும். ரோட்டுல போய் நிக்கணும். எல்லாரும் உங்களப் பாக்கணும்."

அவர் ஏன் என்று கேட்கவில்லை. என் கையிலிருந்த குழந்தையைப் பார்த்தார், எழுந்துவிட்டார். "யாராச்சும் கையக் குடுங்க, இந்தப் படியில என் முட்டி நிக்காது" என்றார். கொழுந்தன் அவரைத் தோளில் தாங்கிக்கொண்டு பின்படியில் இறங்கினான். நான் முன்பக்க ஜன்னலுக்குப் போனேன். அந்தச் சில நிமிடங்களைப் போல நீண்ட நேரத்தை நான் கண்டதில்லை. எனக்குப் பின்னால் படியிலிருந்து ஒரு முனகல் சத்தம் வந்துகொண்டே இருந்தது. கத்தல் ஓய்ந்து முனகலாக மாறியிருந்தது. திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

மழையில் நொண்டிக்கொண்டே அவர் சந்து முனையிலிருந்து வந்தார். கொழுந்தனை உதறிவிட்டு, நடுரோட்டில் கார்களுக்கு முன்னால் நின்று, இரண்டு கைகளையும் தூக்கினார். "நான் இங்க இருக்கேன்! எதிர்க் கோப்பிக் கடைக்கு வாங்க! எல்லாருக்கும் கையெழுத்து உண்டு!" மைதானத்தில் கத்திப் பழகிய குரல், மழையைத் தாண்டிக் கேட்டது. கொழுந்தனும் படிவாசலில் நின்று ஒவ்வொருவரின் தோளையும் பிடித்துத் திருப்பினான்.

முதலில் ஒருவர் திரும்பினார். பிறகு இரண்டு மூன்று பேர். அப்புறம் வாசலில் நின்ற கூட்டம் அப்படியே ரோட்டைக் கடந்து ஓடியது. படியிலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராகப் பிரிந்து வந்தார்கள். சிலர் கீழ்ப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வலியில் துடித்தார். எலும்பு முறிவு என்று பிறகு தெரிந்தது. கொழுந்தனின் நண்பன் அவரைக் காரில் கிளினிக்குக்கு ஏற்றிக்கொண்டு போனான். வேறு யாருக்கும் பெரிதாக ஒன்றுமில்லை. இதை எழுதும்போதுகூட அந்த வாக்கியத்தை எழுதிவிட்டு நிறுத்தித்தான் மூச்சு விடுகிறேன்.

குழந்தையின் தாய் மேலே ஏறி வந்தாள். சின்ன வயதுப் பெண். ஒரு காலில் செருப்பில்லை, கையில் வளையல் உடைந்து கீறியிருந்தது. என்னை ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் குழந்தையை வாங்கி உச்சந்தலையில் முகத்தைப் புதைத்து நெடுநேரம் நின்றாள். பிறகு, "பால் போத்தல் இருந்த பை எங்கேயோ விழுந்திருச்சி கா, தேடிக் குடுங்களேன்" என்றாள். நான் தேடிக் கொடுத்தேன். மிதிபட்டிருந்தது. போத்தல் உடையவில்லை.

சந்தையை அத்தோடு முடித்தோம். மீதிக் கையெழுத்துகளைக் கோச் கோப்பிக் கடையில் நனைந்த சட்டையோடு உட்கார்ந்து போட்டார்.

அன்று சாயங்காலமே வாழ்த்துகள் வர ஆரம்பித்தன. 'இவ்ளோ கூட்டம் பாத்ததே இல்ல', 'அடுத்தது எப்ப பாஸ்?' கொழுந்தன் ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினான். எனக்குக் கேட்கப் பயமாக இருந்தது. அங்கே நடந்தது படியில் இருந்தவர்களுக்கு மட்டுமே தெரியும். மற்றவர்களுக்கு அது வெற்றி. அடுத்த வாரம் முழுவதும் அலுவலக மாடிப்படியில் பின்னால் யாராவது வேகமாக இறங்கினால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேலை மிகுதி என்று கணவரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை, ஆனால் தோண்டிக் கேட்கவுமில்லை.

சில மாதம் கழித்து, கொழுந்தன் ஷா ஆலாம் பக்கம் ஓர் இடம் பார்க்க என்னை அழைத்துப் போனான். மூன்றாவது மாடி. அழகான ஹால், தாராளமாகக் கார் நிறுத்தலாம். அவன் உள்ளே மேசை எங்கே போடலாம் என்று கைகாட்டிப் பேசிக்கொண்டே போனான். நான் படியருகே நின்றுவிட்டேன்.

"என்ன அண்ணி?"

"எனக்கு முடியாது தம்பி."

அவன் வாதாடுவான் என்று நினைத்தேன். அவன் கீழே வந்து காரை எடுத்தான். நெடுஞ்சாலை ஏறிய பிறகு சொன்னான்.

"அன்னிக்கு நான் வாசலுக்கு ஓடினப்ப, கீழ்ப்படியில ஒருத்தர் கை மட்டும் தெரிஞ்சிச்சி அண்ணி. எல்லார் காலுக்கும் நடுவுல. நான் அத மிதிச்சிட்டேனா இல்லையான்னு இன்னும் தெரியல."

அவன் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனான். இத்தனை நாளும் வாழ்த்துகளை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தவன் அவன்தான். "மெதுவா ஓட்டு" என்று மட்டும் சொன்னேன்.

பண்டமாரானில் ஒரு பூப்பந்து அரங்கம் இருக்கிறது. தரைத்தளம், இரண்டு பக்கமும் லோரியே நுழையுமளவு ஷட்டர்கள். கிழிந்த வலைகள், மண்டை காயும் சூடு. அடுத்த சந்தையை அங்கே நடத்தினோம். நேரம் பிரித்து ஆட்களை உள்ளே விட்டோம். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. நான் நாள் முழுவதும் ஷட்டர் பக்கத்தில் நின்று உள்ளே போகிறவர்களின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று ஒரு கார்டைக்கூடக் கையில் எடுத்துப் பார்க்கவில்லை.