கடைசிப் பாகம் படிக்காமல் செய்த சிபாரிசு

எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். ஒரு நாவல் பிடித்துவிட்டால் போதும், பார்க்கிறவர்களிடமெல்லாம் படி, படி என்று உயிரை வாங்கிவிடுவேன். பிடிக்கவில்லையென்றால் எழுதினவரைத் திட்டித் தீர்த்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கும். இந்த வாயால் ஒருநாள் நான் பட்ட பாடு இன்றைக்கும் மறக்கவில்லை.

தேயிலை விலை படுத்துக்கிடந்த வருஷங்கள் அவை. கூடலூரை அடுத்த ஓவேலிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில், குழந்தைகள் காப்பகத்தில் ஆயாவாக இருந்தேன். கோயம்புத்தூர்ப் பக்கம் பிறந்து, எஸ்டேட் லாரி டிரைவரைக் கட்டிக்கொண்டு மலையேறியவள் நான். கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் காலையில் பிள்ளைகளை என்னிடம் விட்டுப்போவார்கள். ஒவ்வொரு பிள்ளையோடும் ஒரு துணிப்பை வரும். மாற்றுத் துணியும் பால் புட்டியும் இருக்கும் அந்தப் பைகளில்தான் எங்கள் நாவல்களும் எஸ்டேட் முழுக்கச் சுற்றின.

கூடலூர் பஸ் ஸ்டாண்டில் பழைய மாத நாவல்கள் கிடைக்கும். லோடு இறக்கிவிட்டு வரும்போது என் வீட்டுக்காரர் ஒன்று வாங்கி வருவார். புத்தகம் ஒன்று, காத்திருப்பவர்கள் பத்துப் பேர். ஆளுக்கு ஒரு வாரம் என்று வைத்தால் கதை ஆறிப்போய்விடும். அதனால் வந்த கையோடு பிளேடால் முதுகைக் கீறி, மூன்றாகப் பிரித்து, தனித்தனியாகத் தைத்துவிடுவேன். முதல் பாகம், நடுப் பாகம், கடைசிப் பாகம். ஒரே நேரத்தில் மூன்று பேர் படிக்கலாம் அல்லவா?

ஒரு சட்டமும் போட்டிருந்தேன். படித்த பாகத்தைப் பற்றிக் காப்பக ஜன்னலருகே நின்று நாலு வார்த்தை சொன்னால்தான் அடுத்த பாகம். "நல்லாருக்குங்க்கா" என்று மொட்டையாகச் சொன்னால் விடமாட்டேன். "எது நல்லாருக்குது? அவன் மீசையா?" என்பேன். பிள்ளை இடுப்பில் அழ அழ, மழை கூரையில் கொட்டக் கொட்ட, அங்கே நடந்த சண்டைகளை இன்னொரு நாவலாக எழுதலாம்.

கடைசிப் பாகம் மட்டும் எப்போதும் முதலில் பெரியம்மாவுக்குப் போகும். காப்பகத்தில் எனக்குத் துணையாகப் பால் காய்ச்சியவர் அவர். கண்டிப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, வயதுக்கு வந்த பிறகு இங்கே வந்தவர். "முடிவு தெரியாம எனக்கு மனசு அடிச்சுக்கும் தங்கச்சி. யாரு பொழைச்சா, யாரு போனான்னு தெரிஞ்சாத்தானே நிம்மதியா மொதல்ல இருந்து படிக்க ஏலும்?" என்பார். எழுத்துக் கூட்டிப் படிப்பவர் என்பதால் அந்த நிம்மதி வருவதற்கே பத்து நாள் ஆகும்.

எங்கள் கூட்டத்தில் பெரிய சண்டைக்காரி ஒருத்தி இருந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. பையனுக்கு ஆறு வயது, பள்ளிக்கூடம் போகிறான். ஒன்பது மாதப் பெண் குழந்தை என்னிடம் தொட்டிலில் கிடக்கும். நாவலைப் பற்றி அவள் பேச ஆரம்பித்தால் மற்றவர்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகவே மறந்துபோவார்கள். "இந்த ஆளு பொம்பளைங்களப் பாத்ததே இல்ல போலக்கா. எவ ஒலையக் கொதிக்க விட்டுட்டு ஜன்னலப் பாத்து அர மணி நேரம் நிப்பா?" என்று ஒருமுறை கேட்டாள். பெரியம்மா சிரித்த சிரிப்பில் பாலே பொங்கி அடுப்பில் வழிந்துவிட்டது.

எஸ்டேட்டில் வேலை வாரத்துக்கு மூன்று நாளாகக் குறைந்தபோது அவள் புருஷன் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனான். முதல் மாதம் ஒரு கடிதம் வந்தது. அப்புறம் மூன்று மாதமாக மூச்சே இல்லை. அவளும் வாயை மூடிக்கொண்டாள். பாகத்தைத் திருப்பித் தருவாள், "நல்லாருக்குங்க்கா" என்பாள், போய்விடுவாள். அவளிடம் மட்டும் நான் சட்டம் பேசவில்லை. ஒரு சாயங்காலம் குழந்தையை வாங்கிக்கொண்டே, "படுத்தா எந்திரிக்காமயே இருந்துட்டா நல்லாருக்கும்ல?" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவே இல்லை.

என்ன செய்வது? எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் நாவல்தான். அந்த வாரம் வந்த புத்தகத்தில் முதல் இரண்டு பாகத்தையும் ஒரே மூச்சில் முடித்தேன். ஓடிப்போன புருஷன், இரண்டு பிள்ளைகள், எதற்கும் அசராத ஒருத்தி. மறுநாளே இரண்டையும் அவள் பையில் திணித்தேன். "அப்படியே நீதான் புள்ள. படிச்சுப் பாரு, கடைசில எல்லாத்தையும் ஜெயிச்சுப்போடுவா!" என்றேன். கடைசிப் பாகத்தை நான் ஒரு வரிகூடப் படித்திருக்கவில்லை. அது பெரியம்மாவிடம் இருந்தது. எப்படியும் ஜெயிப்பாள் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

பத்து நாள் கழித்து, மழையால் அவள் வேலை செய்த பக்கத்தில் மட்டும் பதினோரு மணிக்கே கொழுந்து எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். அவள் வந்து குழந்தையையும் பையையும் வாங்கிக்கொண்டு போனாள். ஒரு மணி வாக்கில் மற்ற பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு நானும் பெரியம்மாவும் சாப்பிட உட்கார்ந்தோம்.

"படுபாவி, கொன்னுபுட்டானே தங்கச்சி!" என்றார் பெரியம்மா.

"யாருங்க?"

"அந்தக் கதைக்காரன்தான். புருசன் வரலைன்னு அந்தப் பொண்ணு தானாப் போய்ச் சேந்திருச்சு. நேத்து படிச்சிட்டு எனக்குச் சோறே செல்லல."

தட்டைத் தள்ளி வைத்தேன். "அந்தப் பாகம் இப்ப எங்கீங்க?"

"நம்ம சண்டைக்காரி பையிலதான் வச்சேன். நடுப் பாகம் முடிச்சிட்டேன்னு காலையில சொல்லிச்சு. நீங்க பேச வச்சுத்தானே குடுப்பீங்க, பாவம் அது எங்க பேசுது? அதான் நானே வச்சிட்டேன்."

அட கெரகமே! அவளைப் பார்த்து 'அப்படியே நீதான்' என்று சொன்னவள் நான். அவள் வீட்டுக்குப் போய் இரண்டு மணி நேரமாகிறது. பிள்ளைகளைப் பெரியம்மாவிடம் விட்டுவிட்டு, குடைகூட எடுக்காமல் ஓடினேன்.

ரோட்டைச் சுற்றிப் போனால் நேரமாகும் என்று தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஏறினேன். வழுக்கி விழுந்தேன். அட்டை கடித்ததுகூடத் தெரியவில்லை. வழி முழுக்க என்னை நானே திட்டிக்கொண்டு போனேன். படிக்காத பாகத்துக்குச் சிபாரிசு பண்ண நீ யாருடி? அவளுக்கு ஏதாவது ஆகியிருந்தால் அந்தப் பிள்ளைகள் முகத்தில் எப்படி முழிப்பாய்?

வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் அவள் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. புகைபோக்கியில் புகை இல்லை. "புள்ள! கதவத் தொறடி!" என்று தட்டினேன். பதில் இல்லை. குழந்தை சத்தமும் இல்லை. தோளால் கதவை முட்டப்போனபோது தாழ்ப்பாள் நகர்ந்தது.

"ஏன்க்கா கதவ ஒடைக்கிறீங்க? பாப்பா இப்பத்தான் தூங்குது" என்றாள்.

நின்றாள். உயிரோடு நின்றாள். எனக்கு மூச்சு வாங்கியது. பாயில் கடைசிப் பாகம் கவிழ்ந்து கிடந்தது. "அதக் குடு. வேற கதையோட பாகம், மாத்தி வச்சுப்போட்டாங்க" என்று கூசாமல் புளுகினேன்.

"படிச்சு முடிச்சிட்டேன்க்கா. ஜெயிச்சுருவான்னு சொன்னீங்களே?"

"நான் படிக்கலை புள்ள" என்றேன். "கடைசிப் பாகத்த நான் பார்க்கவே இல்லை. சும்மா அளந்துட்டேன்."

திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் புத்தகத்தை எடுத்து என் கையில் வைத்தாள். "அப்ப இப்பப் படிங்க. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

ஈரச் சேலையோடு உட்கார்ந்து, அவள் பார்த்துக்கொண்டிருக்க, முடிவைப் படித்தேன். பாவி நன்றாக வேறு எழுதியிருந்தான். கதாநாயகி சாவதை ஒரு பூ உதிர்வதாக எழுதியிருந்தான். புருஷன் திரும்பி வந்து தலையில் அடித்துக்கொண்டு அழுகிறான். ஏளனம் பேசிய ஊர் வெட்கித் தலைகுனிகிறது. முற்றும்.

"அந்த ரெண்டு புள்ளைங்களும் என்னாச்சுக்கா?"

திருப்பிப் பார்த்தேன். முன்னால் போய்த் தேடினேன். மறுபடி தேடினேன். பிள்ளைகளைப் பற்றி ஒரு வரி இல்லை.

"நான் பிளேடு போட்டப்ப ஒரு பக்கம் விட்டுப்போச்சோ என்னமோ..."

"பக்க நம்பர் சரியா இருக்கு. ரெண்டு தடவ பாத்துட்டேன்." அவள் குரல் ஏறியது. "மொதப் பாகத்துல சின்னதுக்குப் பல்லு மொளைக்கிறத ஒரு பக்கம் எழுதினான். பெரியவன் இருட்டுக்குப் பயப்படுவான்னு எழுதினான். அவ போன அன்னிக்கு அவனுக்குச் சோறு போட்டது யாரு? பக்கத்துல படுத்துக்கிட்டது யாரு? புருசன் அழுகறது மட்டும் ரெண்டு பக்கம்! இதெல்லாம் ஒரு முடிவாக்கா?"

என் சண்டைக்காரி திரும்பி வந்துவிட்டாள்! எனக்குச் சந்தோஷத்தில் கத்தவேண்டும் போலிருந்தது. "திட்டு புள்ள, நல்லாத் திட்டு" என்றேன்.

அவள் திட்டவில்லை. தொட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நானும் அப்படித்தான்க்கா யோசிச்சு வச்சிருந்தேன். அவரு வந்து அழுவாரு, லைன்ல எல்லாரும் பேசுவாங்க, நீங்க வந்து அழுவீங்க, அத்தனையும் யோசிச்சேன். ராவு ராவா யோசிச்சேன். இதுங்க ரெண்டும் அதுல எங்கயுமே இல்லக்கா."

அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டேன். குழந்தை எழுந்துவிடக் கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வெகுநேரம் கழித்து, "இன்னிக்கு என்னைத் தனியா விட்டுட்டுப் போயிராதீங்க" என்றாள். போகமாட்டேன் என்றேன். இன்றைக்கு மட்டுமில்லை, எத்தனை நாளானாலும் இங்கேயே படுத்துக்கொள்கிறேன் என்றேன். அவள் என் கையை விடவே இல்லை.

நாலு மணிக்குப் பையன் பள்ளிக்கூடத்திலிருந்து தெப்பலாக நனைந்து வந்தான். அப்போதுதான் எழுந்தாள். துண்டை எடுத்து அவன் தலையைத் துவட்ட ஆரம்பித்தாள். ஈரமெல்லாம் போன பிறகும் துவட்டினாள். "வலிக்குதும்மா" என்று அவன் சொல்கிறவரைக்கும் துவட்டிக்கொண்டே இருந்தாள்.