கையில் நசிந்த கிழங்கு

முரசுமோட்டையில் எங்கள் காணியின் ஒரே துண்டில் இரண்டு வருடமாக உருளைக்கிழங்கு வைத்தேன். இடையில் நிலம் சும்மா கிடக்கக்கூடாதென்று தக்காளியும் கத்தரியும் நட்டேன். மூன்றாம் வருடம், பச்சையாக நின்ற கிழங்குச் செடிகள் திடீரென வாடின. ஒன்றைக் கிண்டினேன். கிழங்கு கைக்குள் நசிந்து சீழ் போல வடிந்தது. செத்த எலி நாற்றம். எத்தனை தரம் சவர்க்காரம் போட்டும் போகவில்லை. அன்று அந்தக் கையால் சோறு பிசைய முடியவில்லை.

பார்வைக்கு நன்றாக இருந்த கிழங்குகளை விதைக்கென்று பூநகரியிலிருக்கும் தங்கைக்குக் கட்டி வைத்திருந்தேன். காணி பார்க்க வந்த விவசாயப் போதனாசிரியர் அதிலொன்றை வெட்டினார். உள்ளே மண்ணிற வளையம். அமுக்கியதும் அதே சீழ்.

"அக்கா, இது பக்றீரியா வாடல். தக்காளி, கத்தரி, உருளைக்கிழங்கு மூண்டும் ஒரே குடும்பம். நோய்க்கு நீங்கள்தான் விடாமல் சாப்பாடு போட்டிருக்கிறீங்கள். இதைக் குடுத்திருந்தால் தங்கச்சியின்ர காணியும் போயிருக்கும்."

எனக்கு என்மேலேயே அருவருப்பு வந்தது. மூட்டையோடு எல்லாவற்றையும் ஆழக் குழி வெட்டிப் புதைத்தேன்.

இப்போது அந்தத் துண்டில் சணல் விதைத்து, பூக்கத் தொடங்கியதும் பசளையாக மண்ணோடு உழுதுவிடுகிறேன். அதன்பின் சோளம், பிறகு பயறு. சில வருடங்களுக்கு அங்கே கிழங்கோ கத்தரியோ இல்லை. வேறு துண்டில் விளையும் கிழங்கைக் கறிக்குக் கொடுப்பேன். விதைக்கு யார் கேட்டாலும் இல்லையென்றுதான் சொல்கிறேன்.