பச்சையில் நின்ற கிளிப்

கொவிட் கட்டுப்பாடுகள் முடிந்து பள்ளிக்கூடங்கள் பழையபடி நடக்கத் தொடங்கியிருந்த காலம். நாங்கள் லண்டனில் ஃபாரஸ்ட் கேட் பக்கம் இருக்கிறோம். அங்கே ஒரு மரக்கறிக் கடையில் எனக்கு வேலை. மனைவி காலை ஷிப்டுக்குப் போவதால், எங்கள் ஒரே மகளைப் பள்ளிக்கூடம் கூட்டிப் போய் வருவது என் பொறுப்பு. அப்போது அவளுக்கு எட்டு வயது.

வீட்டில் ஓயாமல் கதைப்பாள். ஆனால் பயமோ கோபமோ மிஞ்சினால் வாய் கட்டிவிடும். என்ன என்று கேட்கக் கேட்க இன்னும் இறுகிப் போவாள். வகுப்பில் சத்தம் கூடினால் மேசைக்கு அடியில் போய் ஒளிவாள். கதிரையைத் தள்ளி விழுத்தியும் இருக்கிறாள்.

இதற்கு அவளுடைய ஆசிரியை ஒரு வழி செய்தார். அவளுக்கென்று வகுப்புச் சுவரில் ஏணி போலக் கோடு போட்ட ஓர் அட்டை. அடியில் பச்சை, நடுவில் மஞ்சள், உச்சியில் சிவப்பு. அதில் உடுப்புக் காயப்போடும் கிளிப் ஒன்று. மனம் அமைதியாக இருந்தால் கிளிப் பச்சையில் நிற்கும். பதற்றமாக, அந்தரமாக இருந்தால் மஞ்சள். இனித் தாங்காது என்றால் சிவப்பில் குத்திவிட்டு, ஒரு சொல்லும் சொல்லாமல் புத்தக மூலைக்குப் போய் இருக்கலாம். ஆசிரியை பார்த்துக்கொள்வார்.

என்னைக் கூப்பிட்டு இதை விளக்கியபோது எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றவன் நான். இங்கிலீஷில் பேசுவதென்றால் இன்றும் கூச்சம். ஆனால் அட்டை எதற்கு என்று நன்றாகவே விளங்கியது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சண்டைக் காலத்து யாழ்ப்பாணத்தில் ஆமிக்காரர் பஸ்ஸை மறிக்கும் இடங்களில் முகத்தில் எதையும் காட்டாமல் நின்று பழகியவன் நான். பயந்தவன் போலத் தெரிந்தால் தனியே இறக்கி வைத்துவிடுவார்கள். இங்கே வந்த பிறகும் யார் என்ன கேட்டாலும் "நோ ப்ரொப்ளம்" என்பதுதான் என் பதில். என் பிள்ளை மனதில் இருப்பதை ஓர் அட்டையில் குத்தி, வகுப்பு முழுவதற்கும் காட்டப்போகிறாளா?

சில நாட்களில் பள்ளிக்கூட வாசலில், கோயிலில் பழக்கமான ஒரு பெண் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணை, உங்கட மகளுக்கு என்ன வருத்தம், சுகமில்லையோ? தனியா ஓர் அட்டை குடுத்திருக்கினமாம். என்ர மகன் சொன்னவன்."

"ஒண்டுமில்லை தங்கச்சி. சும்மாதான்."

"கவனம் அண்ணை. அடிக்கடி சிவப்பில வைச்சா எழுதி வைப்பினம். பிறகு பிள்ளையளைப் பிரிச்சுக் கொண்டுபோற கவுன்சில் ஆக்கள் வீட்டை வருவினம்."

அன்று வீட்டுக்கு நடந்து போகும்போது மகளிடம் சொன்னேன்.

"பிள்ளை, கிளிப்பைப் பச்சையிலயே வைச்சிருங்கோ. பச்சையெண்டா அப்பா ரோல்ஸ் வாங்கித் தருவன்."

"எப்பவும் பச்சையோ?"

"ஓம். எப்பவும்."

"அப்ப மற்ற ரெண்டு கலரும் ஏன் அப்பா?"

"அது மற்றப் பிள்ளையளுக்கு."

அதன் பிறகு பள்ளிக்கூடம் விட்டு வாசலைத் தாண்டியதுமே "இண்டைக்கும் கிரீன், அப்பா" என்பாள். நான் வழியில் உள்ள எங்கள் ஊர்க்காரர் கடையில் சுடச்சுடப் பொரித்த ரோல்ஸ் வாங்கிக் கொடுப்பேன். "உங்கட மகளால ரோல்ஸ் கடைக்காரர் வீடு வாங்கப் போறார்" என்று மனைவி பகிடி பண்ணுவாள். நான் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தது அவளுக்குத் தெரியாது. மகள் தேறிவிட்டாள் என்றே நினைத்திருந்தாள். மகளின் ஸ்வெட்டர் கைகளின் விளிம்பு கடிபட்டு நூல் நூலாகத் தொங்கியதைக் கண்டேன். பழசாகிவிட்டது என்று புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அவ்வளவுதான் எனக்குத் தோன்றியது.

கிறிஸ்மஸ் விழாவுக்கு ஒத்திகை நடந்த ஒரு நாள் மத்தியானம், கடையில் வெங்காய மூட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. உடனே வரச் சொன்னார்கள். போட்டிருந்த ஏப்ரனோடு ஓடினேன்.

பிள்ளைகள் கோட் மாட்டும் அறையில், தொங்கும் கோட்டுகளுக்குப் பின்னால் சுவரோடு ஒட்டிக் குந்தியிருந்தாள். மண்டபத்தில் மேளச் சத்தம் தொடங்கியதும் எழும்பிப் போயிருக்கிறாள். கிளிப் பச்சையில் நின்றதால், கழிவறைக்குத்தான் போகிறாள் என்று நினைத்து யாரும் தேடவில்லை. தேடத் தொடங்கியபோது நேரம் போய்விட்டது. ஆசிரியை கூப்பிட்டும் அவள் வரவில்லை. நான் கோட்டுகளை விலக்கி நிலத்தில் உட்கார்ந்தேன். புது ஸ்வெட்டரின் கை மேலே இழுபட்டுக் கிடந்தது. அவளுடைய மணிக்கட்டில் அவளுடைய பல்லே பதிந்து, தோல் கிழிந்து இரத்தம் கசிந்திருந்தது. அதைச் சுற்றிப் பழைய தழும்புகளும் இருந்தன.

வெகுநேரம் கழித்துத்தான் வாய் திறந்தாள்.

"அப்பா, நான் கிரீன்லதான் வைச்சனான். இண்டைக்கு ரோல்ஸ் உண்டோ?"

அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது ஆசிரியை கலங்கிய கண்களோடு நின்றார். இவ்வளவு நாள் பச்சையாக இருந்ததே, நான் கவனிக்கத் தவறிவிட்டேன் என்று தன்னையே நொந்துகொண்டார். வழக்கம்போல நான் தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. பச்சையில் மட்டும் வைக்கச் சொன்னது நான்தான் என்று, தெரிந்த நாலு இங்கிலீஷ் சொற்களில் சொன்னேன். அதைக் கேட்டவர், வீட்டுக்கும் ஓர் அட்டை செய்து தருகிறேன், நீங்களும் கிளிப் குத்துங்கள் என்றார்.

குளிர்சாதனப் பெட்டியில் அந்த அட்டையை ஒட்டினோம். முதல் நாள் என் கை தானாகப் பச்சைக்கே போனது.

"பொய் சொல்லாதேங்கோ அப்பா" என்று மகள் என் கிளிப்பைக் கழற்றி மஞ்சளில் குத்தினாள். அன்று கடையில் முதலாளியிடம் ஏச்சு வாங்கியிருந்தேன். அவளுக்கு எப்படித் தெரிந்ததோ.

இப்போது பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள். அட்டை தேவைப்படுவதில்லை, மனதில் உள்ளதை ஓரளவு வாயாலேயே சொல்கிறாள். ஆனாலும் "இண்டைக்கு எப்படி இருந்தது பிள்ளை?" என்று கேட்டால், பதில் சொல்ல முன்னம் ஒரு கணம் என் முகத்தைப் பார்க்கிறாள். என்ன சொன்னால் அப்பாவுக்குப் பிடிக்கும் என்று தேடுகிற அந்தப் பார்வையை அவளுக்குப் பழக்கியது நான்தான் என்பது, அவள் பார்க்கும் ஒவ்வொரு முறையும் என்னைச் சுடுகிறது.