மூலையில்லாத நட்சத்திரங்கள்

வைகாசியில் தொடங்கும் இடவப்பாதி மழை சற்றே ஓய்ந்த ஒரு மத்தியானம், குடையைத் தேடி இரும்பு அலமாரியின் அடித்தட்டைத் துழாவினேன். கையில் வந்தது கேமராப் பை. ஜிப்பை இழுத்ததும் ஒரு வாசம் எழுந்தது. ஈரத்துணி, பழைய ரப்பர், பூசணம், அதற்கெல்லாம் அடியில் எங்கோ லேசாகத் தவிடு. கேமராவின் பிடி உள்ளங்கையில் பிசினாக ஒட்டியது. எங்கள் ஊர்க் காற்றுக்கு ரப்பரைக் கண்டாலே ஆகாது. பையைக் கவிழ்த்துத் தட்டினேன். தரையில் ஒரு சம்பா அரிசி விழுந்தது, சிவந்த வரியோடு, நேற்று டின்னிலிருந்து அள்ளியதுபோல.

கேமராப் பைக்குள் அரிசிக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். சொல்கிறேன். கொஞ்சம் சுற்றித்தான் வருவேன், நேராக நடந்து எனக்குப் பழக்கமில்லை.

அந்தக் கேமராவுக்கு உடைமைக்காரர்கள் இரண்டு பேர். ஒன்று நான். அப்போது பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளன், குடுவை கழுவுவதும் பாட்டிலில் கிடக்கும் தவளைக்கு ஃபார்மலின் ஊற்றுவதும் என் உத்தியோகம். இன்னொன்று எட்வின், என்னோடு படித்தவன், புதுக்கடை சந்திப்பில் பெயிண்டும் பைப்பும் விற்கிறவன். கத்தாரிலிருந்து விடுமுறைக்கு வந்த அவனுடைய அண்ணன்தான் நாங்கள் சேர்ந்து சொல்லிவிட்ட கேமராவைக் கொண்டுவந்தார். கற்றுக்கொள்கிறவர்கள் வாங்கும் சின்ன மாடலும் இல்லை, கல்யாண வீட்டில் தோளை இறக்கும் பெரிய மாடலும் இல்லை. நடுவில் உள்ள ஒன்று.

"நமக்கு எல்லாமே நடுவுலதான மக்கா," என்றான் எட்வின். "பெஞ்சு நடுவுல, மார்க்கு நடுவுல. கேமரா மட்டும் மேல போயிருமா?"

ஒரு வாரம் அவனிடம், ஒரு வாரம் என்னிடம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சபை வாசலில் வைத்துக் கைமாறும். நான் சபைக்காரன் இல்லை. ஆனாலும் ஞாயிறு தவறாமல் வாசல் மாமரத்தடியில் பயபக்தியோடு காத்து நின்றதைப் பார்த்த உபதேசியார், எனக்குள் ஏதோ நடந்துகொண்டிருப்பதாக நம்பித் துண்டுப்பிரசுரங்கள் தந்துகொண்டே இருந்தார். எனக்குள் நடந்துகொண்டிருந்தது லென்ஸ் ஆசை என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

முதல் வாரம் நான் எடுத்த முதல் படம் ஒரு மரச்சீனிக் கிழங்குச் செடியின் இலை. மழை முடிந்த காலை. இலையின் நுனியில் ஒரு சொட்டு, விழலாமா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தது. அமுக்கினேன். உள்ளே கண்ணாடி துள்ளி விழுந்த அந்தச் சத்தம், யாரோ நெஞ்சுக்குள் கதவைத் திறந்து மூடியது போலிருந்தது. பின்பக்கத் திரையில் படத்தைப் பெருக்கிக்கொண்டே போனேன். சொட்டுக்குள் எங்கள் வீடு தலைகீழாகத் தொங்கியது. ஓடு, கொடியில் கிடந்த என் லுங்கி, கதவருகே நின்ற சைக்கிள், எல்லாம். தினமும் அந்தச் செடியைத் தாண்டித்தான் குளிக்கப் போகிறேன். என் வீட்டை ஒரு சொட்டு தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்ததை ஒருநாளும் கண்டதில்லை. அன்று பல் தேய்க்காமலேயே மத்தியானம்வரை தோட்டத்தில் சுற்றினேன். பலாக்காயின் முள், ஓணானின் தொண்டை, எறும்பின் முழங்கால். எறும்புக்கு முழங்கால் உண்டு, தெரியுமா?

எட்வின் எடுத்ததெல்லாம் பகல். உச்சி வெயில், கடை வாசலில் பைப்புக் கட்டுகள், மீன் கூடை ஏற்றிப் போகும் ஸ்கூட்டர், அவன் மகள் ஜெஸியின் ஒழுகும் மூக்கு. பொழுது சாய்ந்தால் கேமராவைப் பைக்குள் வைத்துவிடுவான். காரணம் உண்டு. பிறவியிலேயே அவனுக்கு மாலைக்கண். நெய்யூரில் கண் டாக்டர் அவன் அப்பாவிடம், இது கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது, கண்ணாடியோ மருந்தோ இதற்குக் கிடையாது என்று சொல்லி அனுப்பியிருந்தார். பகலில் பருந்துக் கண். ட்யூப் லைட்டுக்குக் கீழே எல்லாம் தெரியும். நிலா தெரியும். நிலா நீங்கலாக மேலே உள்ள வேறு எதுவும் அவனுக்குக் கிடையாது.

பள்ளிக்கூட நாட்களில் அந்தி மங்கினால் போதும், பையன்கள் தொடங்கிவிடுவார்கள். "ஏலே, கோழியெல்லாம் அடைஞ்சாச்சு, எட்வினையும் கொண்டு கூட்டுல போடுங்கலே!" அவனும் சேர்ந்து கொக்கரித்துக் காட்டுவான். சிரிக்க வைத்துவிட்டால் தப்பிக்கலாம் என்று சின்ன வயதிலேயே தெரிந்து வைத்திருந்தான்.

அரிசிக்கு வருகிறேன். எங்கள் பக்கத்து மழைக்காலம் லென்ஸுக்குள் பூசணத்தை விதைத்துவிடும். வெள்ளை நூல்போல வளரும், துடைக்க முடியாது. ஈரத்தை உறிஞ்ச ஏதோ உப்புப் பொட்டலம் வைக்க வேண்டும் என்று புத்தகத்தில் இருந்தது. அதற்கு எங்கே போக? நனைந்த போனை அரிசியில் புதைக்கிற ஊர் எங்களுடையது. கேமராவையும் புதைத்தோம். அவன் வாரத்தில் அவன் வீட்டு அரிசி டின், என் வாரத்தில் என் வீட்டு அரிசி டின். துணி சுற்ற வேண்டும் என்ற புத்தி இருவருக்கும் இல்லை.

"அண்ணா, நீங்களே நியாயம் சொல்லுங்க," என்று எட்வினின் மனைவி ஷீபா என்னைப் பிடித்துக்கொள்வாள். "சோறு வைக்க அரிசிக்குள்ள நாழியை விட்டா, உள்ள இருந்து ஒரு கண்ணு என்னைப் பாக்குது. நான் இந்த மனுசனைக் கெட்டினனா, இதைக் கெட்டினனா?"

அந்த மழை முடிந்து திற்பரப்புக்குப் போனோம். அருவி பொங்கிக்கொண்டிருந்தது, மேலே கழுவி விட்ட நீல வானம். எட்வின் வாரம், எட்வின் படங்கள். மறுநாள் பள்ளிக்கூடக் கணினியில் அவற்றைத் திறந்தபோது வானம் முழுக்கக் கறுப்புப் புள்ளிகள். எந்தப் படத்தைத் திறந்தாலும் அதே இடத்தில் அதே புள்ளிகள். லென்ஸைக் கழற்றி மாட்டியபோது சம்பா அரிசித் தவிடு உள்ளே போய், ஒளி விழும் தகட்டில் உட்கார்ந்துவிட்டது. உலகத்தில் வேறு எந்த ஊர்க் கேமராவின் வானத்திலும் தவிடு பறந்திருக்காது என்று நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

எட்வின் சிரிக்கவில்லை. திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மக்கா, நெசமான நட்சத்திரமும் இப்பிடித்தான் சிதறிக் கெடக்குமா? கறுப்புக்குப் பதிலா வெள்ளை?"

என் சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

அவனுக்குத் தெரிந்த நட்சத்திரம் டிசம்பர் மாதத்துக் காகித நட்சத்திரம்தான். உள்ளே பல்பு, வெளியே ஐந்து மூலை, சிவப்பு, மஞ்சள், பச்சை. அவன் கடை வாசலிலும் கொத்தாகத் தொங்கும். மேலே இருப்பதும் அப்படித்தான், கொஞ்சம் சின்னதாக இருக்கும் என்று வைத்திருந்திருக்கிறான். ஞாயிறு பள்ளியில், இயேசு பிறந்தபோது சாஸ்திரிகளுக்கு வழிகாட்டிய நட்சத்திரத்துக்கும் மூலை போட்டுத்தான் வரைந்தார்கள். யாரிடமும் கேட்டதில்லை. கேட்டால் கோழி என்பார்கள்.

"இப்ப ஜெஸி கேக்கா," என்றான். "ராத்திரி முத்தத்துல தோள்ல வெச்சுட்டு நின்னா, கைய நீட்டி நீட்டி 'அப்பா அது, அப்பா அது'ங்கா. நானும் 'ஆமா மோளே, என்னா அழகு'ன்னு சொல்லுவேன். பிள்ளைக்கிட்டப் பொய் சொல்லுகது ஒருமாதிரி கெடக்குலே. நாளைக்கு அவளுக்கு வெவரம் வந்து, 'அப்பா ஒனக்குத் தெரியாதா'ன்னு கேட்டா?" திரையில் ஒரு புள்ளியின்மேல் விரலை வைத்தான். "ஒருக்கா கண்டா போதும். பின்ன சொல்லுகதெல்லாம் நெசம் ஆயிரும்லா?"

ஆய்வகத்து ரப்பர் பந்தால் ஊதித் தவிட்டை வெளியேற்றினோம். கேமராவின் கையேட்டை உபதேசியார் வேதம் படிப்பதுபோலப் படித்தேன். கண்ணுக்கு எட்டாத வெளிச்சத்தையும் இது பிடிக்கும், உள்ளிருக்கும் கதவை நெடுநேரம் திறந்து வைத்தால் போதும் என்று அதில் இருந்தது. கண்ணால் முடியாத காரியம் அது. நம் கண் ஒரு கணம் பார்த்ததை மறுகணம் கொட்டிவிடுகிறது. கேமரா துளித்துளியாகச் சேர்த்து வைக்கிறது.

மார்கழிக் கடைசியில், நிலா இல்லாத ஒரு நாள், விளக்கு வைத்த கொஞ்ச நேரத்தில் என் பைக்கில் தேங்காய்ப்பட்டணம் கடற்கரைக்குப் போனோம். வழியெல்லாம் வீட்டு வாசல்களில் கிறிஸ்துமஸ் நட்சத்திரங்கள் இன்னும் இறக்கப்படாமல் ஆடிக்கொண்டிருந்தன. பின்னால் இருந்து ஒவ்வொன்றையும் எட்வின் திரும்பித் திரும்பிப் பார்ப்பது முதுகில் தெரிந்தது. கடற்கரையில் ஒரு விளக்கும் இல்லை. பைக்கை நிறுத்தியதும் அவன் என் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டான். அலைச் சத்தம் மட்டும்தான் அவனுக்குக் கடல்.

முக்காலி எங்களிடம் இல்லை. மணலில் குழி பறித்து, தோளில் கிடந்த துவர்த்தை விரித்து, கேமராவை மல்லாக்கக் கிடத்தினேன், தொட்டிலில் பிள்ளையைக் கிடத்துவதுபோல. கை ஆடிவிடாமல் இருக்க, தானாகத் திறந்து அரைநிமிடம் கழித்துத் தானாக மூடும்படி வைத்தேன்.

"தெறந்தாச்சா?"

"தெறந்தாச்சு. பேசாத."

"நான் பேசுனா நட்சத்திரம் ஓடிருமா?"

முதல் படத்தில் பப்படம் பப்படமாக வெள்ளை வட்டங்கள். அவன் முகம் விழுந்தது. "இதுக்குத்தானாலே இத்தனை ஆர்ப்பாட்டம்?" குவியம் தவறிவிட்டது, என் தப்பு என்றேன். லென்ஸ் வளையத்தை ஒரு மயிரிழை திருப்பி, மறுபடியும் கிடத்தினேன். இருட்டில் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தோம். மூடும் சத்தம் கேட்டது. எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.

திரையின் வெளிச்சம் அவன் முகத்தில் விழுந்தது. முகத்தில் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு வாய் மெல்லத் திறந்தது.

"மூலை எங்கலே?"

"மூலை கெடையாது மக்கா."

"ஒண்ணுக்குமா?"

"ஒண்ணுக்கும் கெடையாது."

கட்டை விரலால் படத்தைப் பெருக்கினான். புள்ளிகளுக்கு நடுவில் புள்ளிகள் வந்தன. இன்னும் பெருக்கினான். அவற்றுக்கு நடுவிலும் வந்தன. தவிடு அல்ல. மாவு. யாரோ சலித்துக் கொட்டிய ஒளி.

"இது தெனமும் மேல கெடக்கா?"

"தெனமும்."

"எல்லாருக்கும் தெரியுமா?"

"தெரியும்."

"பின்ன எப்பிடிலே நீங்கெல்லாம் வீட்டுக்குள்ள போய் ஒறங்குதிய?"

நான் அண்ணாந்து பார்த்தேன். திரையில் இருந்ததில் பாதிகூட என் கண்ணுக்குத் தெரியவில்லை. அதை அவனிடம் சொன்னேன். "எனக்கும் இவ்வளவு தெரியாது மக்கா. நானும் இப்பத்தான் காணுதேன்." அவன் நம்பாமல் என் குரல் வந்த பக்கம் திரும்பினான். இருட்டில் எல்லாம் தெரிந்தவன் என்று என்னை நானே நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். அந்தச் சின்னத் திரைக்கு முன்னால் இரண்டு பேரும் ஒரே குருடுதான் என்று அப்போதுதான் தெரிந்தது.

திரையின் ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது. எட்வின் உடனே அதைப் பிடித்துக்கொண்டான். "இது என்னா செவப்பு! இது எனக்குள்ளது. ஜெஸிக்குக் காட்டிக் குடுக்கணும்." கையேட்டில் படித்திருந்தேன். நெடுநேரம் திறந்து வைத்தால் கேமராவுக்குள்ளேயே ஒரு புள்ளி சூடாகித் தானாக எரியும். அது வானத்தில் இல்லை. சொல்வதா, விடுவதா? நாளை முற்றத்தில் இல்லாத நட்சத்திரத்தை அவன் மகளுக்குக் காட்டினால் மறுபடியும் பொய்யாகிவிடும். சொல்லாமல், கேமராவைக் கடல் பக்கமாகத் திருப்பி வைத்து இன்னொரு படம் எடுத்துக் கொடுத்தேன்.

வேறு வானம், வேறு நட்சத்திரங்கள். அதே ஓரத்தில் அதே சிவப்பு. எட்வின் இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். பைப்பில் எங்கே கசிகிறது என்று பார்க்கிற கண் அவனுக்கு.

"ஏலே, மத்தது எல்லாம் மாறிப் போச்சு. இது மட்டும் எடம் மாறல்ல. தவிடு மாதிரி. அப்பொ இது மேல உள்ளது இல்ல, இதுக்குள்ள உள்ளது. அப்பிடித்தான?"

"அப்பிடித்தான்."

"சொல்ல மடிச்சு நின்னியா?"

அவன் சிரித்தான். "போட்டும். மிச்சம் எல்லாம் நெசம்தான? அது போதும், எக்கச்சக்கமா கெடக்கு."

திரும்பி வந்தபோது எட்வின் வீட்டு வாசலில் ஜெஸி தூங்காமல் நின்றாள். தோளில் தூக்கி முற்றத்துக்குக் கொண்டுபோனான். பிள்ளை கையை நீட்டி, "அப்பா, அது!" என்றது. அவனுக்கு எப்போதும்போலக் கறுப்புதான். ஆனால் விரல் நீண்ட பக்கம் முகத்தைத் தூக்கிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான். "ஆமா மோளே. அப்பா கண்டேன். அதுக்கு மூலை கெடையாது." ஷீபா வாசற்படியில் நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அரிசி டின்னைப் பற்றி அதற்குப் பிறகு அவள் வாயே திறக்கவில்லை.

கேமரா இன்னும் சில மழைகள் தாக்குப்பிடித்தது. பிறகு உள்ளே கண்ணாடி மேலே ஒட்டிக்கொண்டு இறங்க மறுத்தது. அதற்குள் எல்லார் கையிலும் கேமரா வைத்த போன் வந்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை சபை வாசலில் நிற்க எனக்குக் காரணம் இல்லாமல் போனது. ஜெஸி பெங்களூரில் வேலை பார்க்கிறாள்.

போன மாதம் எட்வினும் நானும் தேங்காய்ப்பட்டணம் போனோம். மீன்பிடித் துறைமுகம் வந்துவிட்டது. உயரமான கம்பத்தில் வட்டமாக விளக்குகள், கடற்கரை முழுக்கப் பால் ஊற்றியதுபோல வெளிச்சம். அலையின் நுரைகூடத் தெரிந்தது. எட்வின் என்னைப் பிடிக்காமல் மணலில் விறுவிறுவென்று முன்னால் நடந்தான், நண்டு வளையைத் தாண்டி, கயிற்றைத் தாண்டி. நான் நின்று அண்ணாந்து பார்த்தேன். விளக்கு வெளிச்சத்துக்கு மேலே சாம்பல் நிறப் புகைபோல ஏதோ இருந்தது. தேடித் தேடிப் பார்த்தேன்.

"என்னலே நிக்க?" என்று திரும்பி வந்தான்.

"ஒண்ணும் காணல்ல மக்கா. ஒண்ணுகூட."

அவனும் என் பக்கத்தில் நின்று முகத்தைத் தூக்கினான். வாழ்நாள் முழுக்கப் பார்த்த அதே வெறுமையைக் கொஞ்சநேரம் பார்த்தான். பிறகு என் முதுகில் தட்டினான்.

"வெசனப்படாத. அங்கதான் கெடக்கும். நான் கண்டிருக்கேன்."