அம்மாவின் காணி, அப்பாவின் வோட்டு

அப்பா இரவல் வாங்கிய கறுப்புக் கோட்டின் அந்துருண்டை வாடையும், "சாரெட்" வண்டி இழுத்த மாட்டின் வியர்வை நெடியும், அம்மா தலையில் வைத்திருந்த மல்லிகையும் ஒன்றாகக் கலந்து வீசிய ஒரு காலைப் பயணத்தின் முடிவில்தான் என் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் கல்யாணம் நடந்தது. அப்போது எனக்கு எட்டு வயது. தம்பி என் இடுப்பில் இருந்தான். "எத்தா சிவில்" என்று எங்கள் ஊரார் சொல்லும் பதிவு அலுவலகத்தில் குமாஸ்தா எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பெண் யார் என்று கேட்டார். "நான்தான்" என்று அம்மா சொன்னதும் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. அவருடைய வலது கால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது. அந்தக் காலின் துடிப்பு அதன்பின் பல வருஷங்களுக்கு எங்கள் வீட்டில் அடங்கவில்லை.

அவர்களுக்கு ஏற்கெனவே முருகன் கோயிலில் தாலி கட்டிக் கல்யாணம் ஆகியிருந்தது. ஆனால் அந்நாளைய மொரீசியஸில் கோயிலில் கட்டிய தாலி சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாது. பதிவு செய்துகொண்டால்தான் புருஷன், பெண்டாட்டி; அதன்பின் பெண்டாட்டியின் சொத்து புருஷன் பொறுப்புக்குப் போய்விடும். அம்மாவின் தகப்பனார் ஒப்பந்தக் கூலியாக வந்தவர். ஒப்பந்தம் முடிந்து வெளியேறி, சர்க்கரை ஆலைக்காரர்கள் தங்கள் ஓரத்து நிலங்களைத் துண்டு போட்டு விற்றபோது ஒரு காணியை வாங்கி, அதை ஒரே மகளான அம்மாவின் பெயரில் எழுதிவைத்தார். "சட்டத்துக்கு நீ இன்னும் கட்டிக்குடுக்காத பொண்ணும்மா, அப்படியே இருந்துக்கோ, காணி உன் கையவிட்டுப் போகாது" என்று அவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம். அம்மா அதன்படியே இருந்தாள். கீரை விற்று, பால் விற்று, பக்கத்துத் துண்டையும் வாங்கிச் சேர்த்தாள்.

அப்பா அந்தக் காணியில் மாடு மாதிரி உழைத்தார். ஆனாலும் ஊரில் அவருக்கு வீராசாமி என்ற பெயர் நிலைக்கவில்லை, "அங்கம்மா புருஷன்" என்பதுதான் பெயர். சீனர் வைத்திருந்த "லாபுத்திக்" கடை வாசலில் ஆண்கள் கூடி ரம் குடிக்கும்போது கூட யாராவது அப்படித்தான் கூப்பிடுவார்கள், அவரும் திரும்பிப் பார்ப்பார். பக்கத்துக் காணிக்காரரான ரெங்கசாமி மாமா அப்படியில்லை. உறவில்லாவிட்டாலும் நாங்கள் மாமா என்று அழைத்த அவருக்குச் சொந்தப் பெயரில் நிலம் இருந்தது, அதனால் வோட்டும் இருந்தது. அந்தக் காலத்தில் வோட்டு என்பது எல்லோருக்கும் கிடைக்கிற சமாச்சாரம் அல்ல. சொத்தோ நல்ல சம்பளமோ உள்ள ஆண்களுக்குத்தான் உண்டு. எங்கள் ஊரில் வோட்டுள்ளவர்களை ஒரே பாயில் உட்காரவைத்துவிடலாம்.

அந்தச் சமயத்தில்தான் போர்ட் லூயிஸிலிருந்து ஓர் இந்திய வக்கீல், எங்கள் ஆலையின் முதலாளியான வெள்ளைக்கார "முசியே"வை எதிர்த்துத் தேர்தலில் நிற்கப்போவதாகச் செய்தி வந்தது. வக்கீலின் ஆட்கள் வீடுவீடாக வந்து வோட்டு சேர்த்தார்கள். மனைவிக்குப் போதுமான சொத்து இருந்தால் அதை வைத்துக் கணவன் வோட்டுப் போடலாம் என்று சட்டத்தில் ஒரு விதி உண்டு என்பதை அவர்கள்தான் அப்பாவுக்குச் சொன்னார்கள். சொத்துக்காரிக்கு வோட்டு இல்லை, அவளைக் கட்டியவனுக்கு உண்டு. ஆனால் கட்டியது பதிவில் இருக்க வேண்டும். அன்றிலிருந்து அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. கரும்புக்கு மண் அணைக்கும்போதும் அதே பேச்சு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதும் அதே பேச்சு. அம்மா பல வாரம் பிடி கொடுக்கவில்லை. கடைசியில் ஒரு மத்தியானம், கீரைக் கட்டுகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள்:

"காணி என்னுது. அத வச்சு வர்ற வோட்டும் என்னுது. போடற கை மட்டும் உங்களுது. நான் சொல்ற ஆளுக்குத்தான் போடணும். பாக்கியம் தலையில கை வச்சு சத்தியம் பண்ணுங்க, நாளைக்கே வந்து கையெழுத்துப் போடறேன்."

பாக்கியம் என்பது நான். அப்பா யோசிக்கவே இல்லை. மண் ஒட்டியிருந்த அவருடைய உள்ளங்கை என் உச்சந்தலையில் இறங்கியபோது, அதன் கனம் கழுத்துவரை தெரிந்தது.

அந்த மழைக்காலம் முழுவதும் ஊர் தரையில் கால் பாவாமல் அலைந்தது. சேற்றில் சக்கரம் புதைய மோட்டார் வண்டிகள் வந்தன. எங்கள் வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டு வக்கீலை உட்காரவைத்து, அப்பா தன் கையால் மாலை போட்டார். "இந்த ஊர்ல நம்ம ஆளுக்கு விழாத வோட்டே கெடையாது" என்று தொண்டை கிழியச் சொன்னார். ரெங்கசாமி மாமா அதிகம் பேசாத மனிதர். ஓரமாக நின்று கைதட்டியதோடு சரி. அம்மா வந்தவர்களுக்கெல்லாம் பரிமாறினாள்.

மறுநாள் ஆலையின் ஓவர்சியர் குதிரையில் வந்தார். தேர்தலைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. குதிரையிலிருந்து இறங்காமல், "இந்த வருஷம் கரும்பு நல்லாயிருக்கே அங்கம்மா, ஆலைக்கு எந்த வழியா வண்டி ஓட்டப்போற?" என்று மட்டும் கிரியோலில் கேட்டுவிட்டுப் போனார். எங்கள் காணியிலிருந்து ஆலைக்கு ஒரே வழிதான். அது முசியேயின் நிலத்துக்குள் போகிற வழி.

தேர்தலுக்கு முந்திய சாயங்காலம் அம்மா சொன்னாள்: "முசியேவுக்குப் போடுங்க."

அப்பாவுக்குப் புரியவே சற்று நேரம் பிடித்தது. "மாலை போட்ட கையி, அங்கம்மா. இதே கையாலயா?"

"வழிய மறிச்சான்னா வெட்டுன கரும்பு வெயில்ல காஞ்சு சக்கையாப் போயிடும். புள்ளைங்களுக்கு வக்கீலோட மாலையப் பிச்சா போடப்போறீங்க?"

அப்பா என்னைப் பார்த்தார், என் தலையைப் பார்த்தார், வெளியே போய்விட்டார். மறுநாள் ரெங்கசாமி மாமாவோடு ஒரே வண்டியில் மாவட்டக் கச்சேரிக்குப் போய் வோட்டுப் போட்டுவிட்டுத் திரும்பினார். வந்தவர் உட்காரவில்லை. கிணற்றடிக்கும் மாட்டுக் கொட்டகைக்குமாக நடந்துகொண்டே இருந்தார். நான் தண்ணீர் கொண்டுபோனபோது செம்பை வாங்கி, குடிக்காமலே திருப்பித் தந்தார்.

வக்கீல் தோற்றார். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. லாபுத்திக்கில் ஓவர்சியர் போதையில், "உங்க ஊர் வோட்டுலயே ஒண்ணு எங்க முசியேவுக்குத்தான்" என்று பீற்றிக்கொண்டார். அவருக்குத் தெரிந்து சொன்னாரோ, குருட்டாம்போக்கில் சொன்னாரோ, ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. யார் அந்தத் துரோகி? முற்றத்தில் பந்தல் போட்டு மாலை சூட்டிய அப்பாவை யார் சந்தேகிப்பார்கள்? அதிகம் பேசாத ரெங்கசாமி மாமாவின் மேல்தான் பழி விழுந்தது. அவர் வந்தால் பேச்சை நிறுத்தினார்கள். அவர் மகளுக்குப் பேசிவைத்திருந்த பையன் வீட்டார் வருவதாகச் சொன்ன நாளில் வரவில்லை. மாமி எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதபோது, அப்பா கொல்லைப் பக்கமாக நழுவிக் கரும்புக்குள் போய்விட்டார்.

காவடி நெருங்கியது. வருஷாவருஷம் ஊர்வலத்தின் முன்னால் வேல் ஏந்திப் போகிறவர் மாமாதான். இந்த வருஷம் வேறு யாருக்காவது கொடுக்கலாமா என்று பேச, கோயில் முற்றத்தில் ஆண்கள் கூடினார்கள். அப்பாவும் போயிருந்தார். பெண்கள் அந்தக் கூட்டத்தில் பேசுகிற வழக்கமில்லை. விளக்குக்கு எண்ணெய் கொண்டுபோன அம்மா, என்னையும் கையில் பிடித்துக்கொண்டு நேராக நடுவில் போய் நின்றாள்.

"துரோகிய தேடறீங்களாமே. தேட வேணாம். அது என் வோட்டு. நான்தான் முசியேவுக்குப் போடச் சொன்னேன்."

யாரோ சிரித்தார்கள். "பொம்பளைக்கு ஏது வோட்டு?"

"காணி யாருது? நான் கையெழுத்துப் போடலன்னா அவருக்கு ஏது வோட்டு? புள்ளை தலையில சத்தியம் வாங்கி நான்தான் போட வச்சேன். பேசறதுன்னா என்னப் பேசுங்க. அண்ணன் ஏந்தற வேலை அண்ணன்கிட்டயே குடுங்க."

அப்பா தலையைக் குனிந்துகொண்டிருந்தார், கழுத்து நரம்புகள் புடைத்திருந்தன. ரெங்கசாமி மாமா எழுந்து அம்மாவின் கையிலிருந்த எண்ணெய்ச் சொம்பை மெதுவாக வாங்கிக்கொண்டார்.

"எனக்குத் தெரியும் தங்கச்சி" என்றார். "அன்னிக்குத் திரும்பி வரும்போது வண்டியில வீராசாமி மூஞ்சிய மூடிக்கிட்டு அழுதுகிட்டே வந்தான். என்னன்னு நான் கேக்கல."

தெரிந்தும் அத்தனை வாரம் பழியைச் சுமந்திருந்த அந்த மனிதரை அப்பா ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. காவடிக்குக்கூட நிற்காமல், போர்ட் லூயிஸின் டிராங்கெபார் பகுதியிலிருந்த தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். துறைமுகத்தில் மூட்டை தூக்குவதாகச் செய்தி மட்டும் வந்தது. காவடியன்று வேல் ஏந்தி ரெங்கசாமி மாமா முன்னால் நடந்தார். பையன் வீட்டாரும் வந்தார்கள். அறுவடைக்கு ஆள் இல்லாமல் அம்மா திண்டாடியபோது, மாமாதான் போய் அப்பாவைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். இருவரும் வண்டியிலிருந்து இறங்கியபோது பழையபடி பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று எங்கள் யாருக்கும் தெரியாது.

முசியே ஜெயித்த பிறகும், அந்த அறுவடையில் எங்கள் வண்டிகளை ஆலை வாசலில் வெயிலில் நிற்கவைத்துத்தான் எடை போட்டார்கள். அம்மா அதை மறக்கவில்லை. ஐந்து வருஷம் கழித்து அடுத்த தேர்தலில் அதே வக்கீல் மறுபடி நின்றபோது, "இந்தத் தடவ வக்கீலுக்கு" என்று ஒரே வார்த்தையில் முடித்தாள். ஊரே அதைத்தான் எதிர்பார்த்தது. அப்பாவும் கோட்டு மாட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்தவர் நாங்கள் மட்டும் இருந்த முற்றத்தின் நடுவில் நின்று, யாரும் கேட்காமலே உரக்கச் சொன்னார்:

"முசியேவுக்குப் போட்டேன்."

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "அவனத்தான் உங்களுக்குப் புடிக்காதே!"

"புடிக்காதுதான். அந்த ஆளக் கண்டாலே எரியுது. ஆனா உள்ள போயி நின்னதும், ஒரே ஒரு தடவ என் கை சொல்றத நான் கேக்கணும்னு இருந்துச்சு. வேற என்னா செய்யிறதுன்னு தெரியல."

நான் என் உச்சந்தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அந்த வாரமே எனக்கு முறைக்காய்ச்சல் கண்டது. அந்நாளில் மழைக்காலத்தில் காய்ச்சல் வராத வீடே எங்கள் ஊரில் கிடையாது, ஆனாலும் அப்பாவுக்கு அது வெறும் காய்ச்சலாகப் படவில்லை. சத்தியத்தை மீறிய கையால் என் நெற்றியைத் தொடவும் பயந்து, பாயின் ஓரத்தில் உட்காருவதும் எழுந்து வாசலுக்குப் போவதுமாக இருந்தார். வக்கீல் ஜெயித்துவிட்டார் என்று வெளியே வெடிச்சத்தம் கேட்டது. "நம்ம வீராசாமி எங்கே?" என்று கூட்டம் வந்து அவரை இழுத்துப்போய், ஊர்வலத்தின் முன்வரிசையில் நிறுத்தி மாலை போட்டது. பக்கத்தில் ரெங்கசாமி மாமா. முசியேவுக்கு வோட்டுப் போட்டவர் வக்கீலின் வெற்றி மாலையோடு வீட்டுக்கு வந்து, அதைக் கழற்றக்கூட மறந்து என் பாயருகே உட்கார்ந்தார். பிழைத்தெழுந்தேன். அந்த வருஷம் அவர் எனக்காகக் காவடி எடுத்தார். அம்மா அவரை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

மூன்றாவது தேர்தல் வந்தபோது நான் தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். காலையில் அப்பா கோட்டு மாட்டிக்கொண்டு அம்மா முன்னால் போய் நின்றார்.

"யாருக்குன்னு சொல்லு."

"உங்க இஷ்டம்" என்றாள் அம்மா.

"வெளயாடாத. சொல்லு."

"நெசமாத்தான் சொல்றேன். இனிமே அது உங்க வோட்டு."

அவர் வாசல்வரை போனார், திரும்பினார். வண்டியில் ரெங்கசாமி மாமா காத்திருந்து, கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். வெயில் ஏறியது. அப்பா முற்றத்தில் நடந்துகொண்டே இருந்தார். வாசற்படியில் கால் வைப்பார், மறுபடி கொட்டகைப் பக்கம் போவார். கச்சேரியில் வோட்டுப் போடும் நேரம் முடிந்துபோன பிறகுதான் கோட்டைக் கழற்றினார். அதன்பின் அவர் வோட்டுப் போடப் போனதே இல்லை.

இப்போது அந்த ஆலை இல்லை. புகைபோக்கி மட்டும் புல்லுக்கு நடுவில் நிற்கிறது. முசியேயின் நிலத்துக்குள் போன வழி தார்ச்சாலையாகி, யாரையும் கேட்காமல் பஸ் போகிறது. ரெங்கசாமி மாமாவின் பேரன்கள் போர்ட் லூயிஸ் பக்கத்து ரோஷ் புவாவில் இருக்கிறார்கள், தேர்தலுக்குத் தேர்தல் வேறு வேறு கட்சிக் கொடியோடு தென்படுகிறார்கள். வோட்டுக்காகக் காணி வேண்டாம், கல்யாணமும் வேண்டாம். அப்படியொரு விதி இருந்தது என்று சொன்னால் என் பேத்திகள் நம்புவதில்லை.

பெண்களுக்கும் வோட்டு வந்தபோது அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்திருந்தார்கள். முதல்முறை நான் போட்ட அன்று, பள்ளிக்கூடத்து அறையில் மறைப்புக்குப் பின்னால் பென்சிலைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றுவிட்டேன். அதிகாரி பலகையைத் தட்டி, "என்னம்மா, யாருக்குன்னு முடிவு பண்ணலையா?" என்றார். நான் முடிவு பண்ணியிருந்தேன். அம்மா ஒரு தடவைகூட ஒரு வோட்டுச் சீட்டைத் தொட்டுப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.