சிலி எங்கே இருக்கிறது என்று தெரியாதவருக்குப் பரிசு

இன்று துபாயில் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் மகளிர் தின விழா. வினாடி வினா நடத்தினார்கள். தென் அமெரிக்காவில் பெண்கள் அதிபராக இருந்த மூன்று நாடுகளைக் கேட்டார் செயலாளர்.

அர்ஜென்டினா, சிலி, பிரேசில் என்றேன். நல்ல கைதட்டல்.

பரிசுக்குக் கூப்பிட்டதோ என் கணவர் பெயரை. அவர் டூட்டியில் இருந்தார்.

"பதில் சொன்னது நான்தானே சார்?"

"மெம்பர்ஷிப் அவர் பேர்லதானேம்மா இருக்கு. அடுத்த மீட்டிங்ல அவரே வந்து வாங்கிக்கட்டும்."

"அப்ப என்னையும் மெம்பராச் சேத்துக்கங்க."

"அதான் லேடீஸுக்குன்னு சமையல் கமிட்டி இருக்கேம்மா!"

வீட்டுக்கு வந்த கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "சிலி எங்க இருக்கு?" என்றார்.

இவரைத்தான் மேடையேற்றிச் சால்வை போர்த்தி மிக்ஸி கொடுக்கப் போகிறார்கள். அரைக்க மட்டும் என்னைக் கூப்பிடுவார்கள்.

உங்கள் சங்கத்தில் எப்படி?