கவிழ்த்து வைத்த சீட்டு

ஆலை மூடிக் கிடந்த அந்த மாதங்களில், புதுச்சேரியை ஒட்டிய சாரம் என்ற ஊரில் ஒரு தறிக்காரன் வீட்டுப் பின்புறத்தில் படுத்துக்கொண்டிருந்தேன். அவனும் நானும் ஆலையில் ஒரே கூடத்தில் வேலை பார்த்தவர்கள். அவனுக்குப் பெண்டாட்டியும் கைக்குழந்தையும் இருந்தார்கள். எனக்கு ஒரு தகரப்பெட்டி இருந்தது, அதிலும் பாதி காலி. ஒரு வேளைதான் கஞ்சி. அப்போது அந்தத் தெரு முழுக்க அப்படித்தான்.

சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்த ஒருவன் கடற்கரைக் கிடங்கில் காவல் பார்த்தான். பட்டாளத்தானுக்குப் புதுச்சேரியில் சொல்தா என்று பெயர், அவனையும் அப்படித்தான் கூப்பிட்டோம். சைகோன் போகிற கப்பலில் சமையல்கட்டுக்கு ஓர் ஆள் பிடித்துத் தரும்படி அவனிடம் சொல்லியிருந்தார்கள். தறிக்காரனும் நானும் சேர்ந்தே போய் நின்றோம்.

"எடம் ஒண்ணுதான்டா. ஒருத்தன எடுத்தா இன்னொருத்தன் என்னைத் திட்டுவான். ஆடித் தீத்துக்குங்க," என்றான் சொல்தா.

"முந்நூத்தி நாலா?" என்றான் தறிக்காரன். ஆலையில் சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் ஆடியது அது ஒன்றைத்தான். அதில் ஜாக்கிதான் எல்லாவற்றுக்கும் மேல். ராஜாவும் ஏஸும் ஜாக்கியைக் கண்டால் பணிய வேண்டும்.

"அதுக்கு நாலு பேரு வேணும். போக்கர் சொல்லித் தரேன். கப்பல் வர்றதுக்குள்ள கத்துக்குங்க, மண்டையில ஏதாச்சும் இருந்தா."

கிடங்கின் நிழலில் சாக்கு விரித்துக் கற்றுக்கொண்டோம். ஆளுக்கு ஒரு சீட்டைக் கவிழ்த்து வைப்பான், ஒன்றைத் திறந்து வைப்பான். கவிழ்ந்தது அவரவருக்கு மட்டும்தான் தெரியும். திறந்ததில் பெரிய சீட்டு யாரிடமோ அவன் முதலில் பந்தயம் வைக்க வேண்டும். மற்றவன் அதற்குச் சமமாகவோ மேலாகவோ கட்ட வேண்டும், இல்லையென்றால் சீட்டை மடக்கி, வைத்ததை விட்டுவிட வேண்டும். காசு ஏது? புளியங்கொட்டைதான் பந்தயம். பிறகு இன்னொரு திறந்த சீட்டு, இன்னொரு பந்தயம். இப்படி ஐந்து சீட்டு சேரும்வரை. ஜோடி கிடைத்தால் நல்லது, ஒரே மாதிரி மூன்று கிடைத்தால் இன்னும் நல்லது. ஒன்றும் சேராவிட்டால் பெரிய சீட்டு வைத்திருப்பவன் ஜெயித்தான். ஏஸ்தான் உச்சி, அப்புறம் ராஜா, ராணி, அதற்கும் கீழேதான் ஜாக்கி.

"எதிராளி தொறந்து வச்சிருக்கறத மொதல்ல பாரு," என்பான் சொல்தா. "அதையே உன்னால அடிக்க முடியலன்னா மடக்கிடு. அடிக்க முடியும்னா ஓடாத. அவன் மூடி வச்சிருக்கறது புலியா பூனையான்னு காசு கட்டினவனுக்குத்தான் காட்டுவான். மடக்கினவன் கேக்கப்படாது."

இது சட்டம் என்று அழுத்திச் சொன்னான்.

ஆட்டத்தன்று காலையில் தறிக்காரன் குளிக்கப் போயிருந்தபோது அவன் பெண்டாட்டி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"அண்ணே, நீ ஜெயிச்சுடு."

"நானும் போகணும்னுதான் ஆடறேன்."

"எங்கப்பா சைகோன் போனாரு. அங்கியே ஒரு குடும்பம் வச்சிக்கிட்டாரு. எங்கம்மா சாவற வரைக்கும் ஒவ்வொரு கப்பலுக்கும் கடப்பாலத்தாண்ட போயி நின்னா. நான் போயி நிக்க மாட்டேன்."

ஒரே ஊரில் கிடந்தால் எனக்கு உடம்பு அரிக்கும். அதனால்தான் கப்பல் வேண்டும் என்றிருந்தேன். அவள் கேட்டபின் அது என் விஷயம் மட்டுமாக இல்லை. குழந்தை அழுதால் தறிக்காரன் எழுந்து வெளியே போய்விடுகிறவன் என்பதும் எனக்குத் தெரியும்.

ஆளுக்கு ஒரு பிடி கொட்டை. கோயில் மணி சாயங்காலம் அடிக்கும்போது யாரிடம் அதிகமோ அவனுக்குக் கப்பல். மாறி மாறி ஜெயித்தோம். வெயில் தாழ்ந்தபோது இருவரிடமும் ஏறக்குறைய சமமாக இருந்தது.

அந்த ஆட்டத்தில் எனக்குக் கவிழ்ந்து வந்தது ஏஸ். திறந்ததில் ஒரு ராஜா, மற்றதெல்லாம் சில்லறை. அவனுக்குத் திறந்ததில் ஒரு ஜாக்கி, மற்றதெல்லாம் சில்லறை. நான் நாலு கொட்டை வைத்தேன். அவன் தன்னிடமிருந்த அத்தனையையும் இரண்டு கையாலும் தள்ளினான்.

"என்ன மச்சான், வேர்க்குது?" என்றான்.

நான் ஜாக்கியையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷம் எந்தப் படத்தைக் கண்டு பணிந்தேனோ அதே படம். கற்றதெல்லாம் தலையில் இருந்தது, கை கேட்கவில்லை. இன்னும் ஒரு ஆட்டம் இருக்கும் என்று நினைத்து மடக்கினேன்.

சொல்தா சீட்டைக் கூட்டும்போது என் ஏஸைப் பார்த்துவிட்டான். "அட முட்டாப்பயலே! இத வச்சிக்கிட்டா மடக்குன? ஜாக்கி இங்க வெறும் ஜாக்கிதான்டா!"

தறிக்காரன் தன் கவிழ்ந்த சீட்டை அதற்குள் சீட்டுக்கட்டுக்குள் செருகிவிட்டான். அப்போது மணி அடித்தது. கொட்டை அவனிடம்தான் அதிகம்.

கப்பல் கரைக்கு வராது. கடலுக்குள் நீளும் பாலத்திலிருந்து படகில் போய் ஏற வேண்டும். மறுநாள் பாலத்தின் கோடிவரை அவன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனேன். அவள் வரவில்லை.

"உன் உள்சீட்டு என்னன்னு இப்பவாச்சும் சொல்லு," என்றேன்.

"காசு கட்டினியா நீ?" என்று சிரித்தபடியே படகில் குதித்தான். ஏதோ ஒரு ஜோடி இருந்திருக்கலாம். ஒன்றுமே இல்லாமல் மிரட்டியிருக்கலாம். அவனும் என்னைப் போலவே ஜாக்கியைப் பெரிதென்று நம்பியிருக்கலாம்.

வீட்டில் அவள் அடுப்பைப் பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்தாள். ஆட்டத்தைச் சொல்லச் சொன்னாள். ஒன்றும் விடாமல் சொன்னேன்.

"அப்ப அவுருகிட்ட நல்ல சீட்டு இருந்துதா, இல்ல, எப்படியாச்சும் போயிடணும்னு எல்லாத்தையும் தள்ளுனாரா?"

"தெரியலம்மா. மடக்கிட்டா பாக்க முடியாது."

அவள் குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"புளியங்கொட்டைதானேண்ணே? போட்டுப் பாத்திருக்கலாமே."

அந்த வீட்டில் அதற்குமேல் தங்க முடியவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு விழுப்புரம் சாலையில் நடந்தேன்.